எக்கோ இல்லாம ஒரு பேரு

பேசிக்கிட்டே இருக்கணுமா மாப்பிள்ளை? எதையாவதா? சரி. நீங்க அந்த ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சைக் கோட்டைப் பாருங்க, நான் பேசுறேன். இருபத்தெட்டு வருஷமா இந்த இம்பாபா பேட்டையில கல்யாணம் கல்யாணமா மைக் பிடிச்சுப் பொழச்சவன் நான். என்கிட்ட வந்து கொஞ்சம் பேசுங்க மாமான்னு கேட்ட மொத ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாரும் நிறுத்துங்கன்னுதான் கேப்பாங்க.

கத்துறேனா? இது கத்துறது இல்ல, இது என் சாதாரணக் குரல். சரி, ஒரு சாண் தள்ளி உக்காருறேன். இப்ப? இன்னும் ஒரு சாணா? இன்னும் தள்ளினா என் பொண்ணு நெஸ்மாவோட டம்ளர் பெட்டி மேல உக்காரணும். வியாழக்கிழமை கல்யாணத்தை வச்சுக்கிட்டு திங்கக்கிழமை சீர் சாமானை நொறுக்கினான் பொண்ணோட அப்பன்னு பேரு வேண்டாம்.

வீட்டுல மூணு ரூம் இருக்க, சீர் அடுக்கின ரூம்தான் பதிவுக்கு நல்லதுன்னு சொல்லிட்டீங்க. பஞ்சு மெத்தை நாலு, ரஜாய் எட்டு, துண்டு தொண்ணூத்தாறு. ரெண்டு பேர் துடைச்சுக்க எதுக்கு தொண்ணூத்தாறு துண்டுன்னு உங்க அத்தை இன்ஷிராஹ்கிட்ட ஒரு தடவை கேட்டேன். எதிர்வீட்டுப் பொண்ணுக்கு எண்பது போட்டாங்கன்னு பதில் வந்துச்சு. அதுக்கு மேல கேக்கலை. ஆனா இவ்வளவு பஞ்சுக்கு நடுவுல பேசினா, குரல் வாயை விட்டு வந்ததும் செத்து விழுது மாப்பிள்ளை. கிணத்துல கல்லைப் போட்டாலாவது திருப்பி ஒரு சத்தம் வரும். இதுதான் சுத்தமான சவுண்டுங்கறீங்க. எனக்கென்னமோ என் குரலைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுத்தி வச்ச மாதிரி இருக்கு.

சவுண்டுன்னதும் ஞாபகம் வருது. உங்க ஆபீஸ்ல, மாமனாருக்கு என்ன வேலைன்னு கேட்டதுக்கு, சவுண்டுத் துறைன்னு சொன்னீங்களாமே. நெஸ்மா சொல்லிச் சிரிச்சா. சங்கடப்படாதீங்க. தெருவுல பந்தல் போட்ட கல்யாணத்துல, மேடையில நின்னுக்கிட்டு, மொய் வைக்கிறவன் பேரையெல்லாம் மைக்குல கூவி சலாம் போடுற நபத்ஷின்னு ஏசி ரூம்ல எப்படிச் சொல்லுவீங்க. சவுண்டுத் துறை நல்லாத்தான் இருக்கு. போர்டு எழுதி மாட்டலாம்.

இப்ப கோடு சரியா வருதா? சிவப்புக்குப் போகுதா? எந்த வார்த்தையில? நபத்ஷிங்கறப்பயா. ஆமா, அந்த வார்த்தை வந்தா குரல் தானா ஏறிடும்.

என் சவுண்டு மிக்ஸரைக் குறை சொல்லாதீங்க. பத்தொம்பது வருஷம் ஆச்சு. பன்னெண்டு சேனல், அதுல ஏழாவது செத்துடுச்சு, மத்ததெல்லாம் ஒட்டகம் மாதிரி உழைக்கும். அது மேல இருக்கிற கறை டீ இல்ல, கரும்புச் சாறு. ஒரு மாப்பிள்ளைப் பையன் ஆடுறப்ப கொட்டினது. அந்த டேப் சுத்தின திருகைத் தொடாதீங்க. அது எக்கோ. அதை எந்த அளவுல வைக்கணும்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, கண்டுபிடிச்சதும் டேப் ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் யார் கையும் பட்டதில்ல.

எதுக்கு எக்கோவா? நல்லாக் கேட்டீங்க. நீங்க கம்ப்யூட்டர் படிச்சவரு, இதை எந்தக் காலேஜுலயும் சொல்லித் தர மாட்டான். ஒரு மனுஷன் பேரை ஒரு தடவை சொன்னா அது கூப்பிடுறது. நாலு தடவை சொன்னா அது மரியாதை. அவ்வளவுதான் தொழில். கறிக்கடை ஹம்தியைக் காலையில கூப்பிட்டா, ரெண்டு நிமிஷம் இருன்னு கத்தியைத் தீட்டிக்கிட்டே சொல்லுவான். அதே பேரை ராத்திரி எக்கோவுல விட்டா, நாற்காலி மேல ஏறி நின்னு ரெண்டு கையையும் தூக்குறான். லிஃப்ட் ரிப்பேர் பண்றவனை இஞ்சினியர்னு சொல்லணும். பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கிறவனை டாக்டர்னு சொல்லணும். ஒரு தடவை நிஜ டாக்டரே வந்துட்டாரு. அவரை என்னன்னு சொல்றது? மந்திரின்னுட்டேன். அடுத்த வாரம் பூரா அவர் கிளினிக்குல மனு குடுக்க ஆள் வந்துச்சாம்.

நீங்க சிரிச்சாக் கோடு ஆடுதே. உங்க சிரிப்பையுமா மைக் பிடிக்குது? நல்ல மைக்.

இந்தக் கம்ப்யூட்டர்ல இந்த மிக்ஸரைச் சேக்க நான் பட்ட பாடு இருக்கே. வெள்ளிக்கிழமை நானே முயற்சி பண்ணேன். மிக்ஸருக்குப் பின்னாடி சிவப்பு வெள்ளை ஒயர் வருது, கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டுல ஒரே ஒரு சின்னத் துளை. சொருகினேன். சலாம்னேன். மீன் வறுக்கிற சத்தம் வந்துச்சு. நீங்க போன்ல சொன்னீங்க, மிக்ஸர்ல இருந்து வர்றது பெரிய சவுண்டு, அந்தத் துளை சின்ன மைக்குக்கானது, தாங்காதுன்னு. அதை ஒயரு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

சரின்னு ஒயரைப் பிடுங்கிட்டேன். சனிக்கிழமை, ஒயர் இல்லாமலே கம்ப்யூட்டர்ல சிவப்புப் பட்டன் எரிஞ்சுது. எரியுதே, அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு பெரிய மைக்கைப் பிடிச்சு ரெண்டு மணி நேரம் சலாம் போட்டேன். இருநூத்திப் பதினாலு பேரு, ஒருத்தரை விடலை. கேட்டுப் பாத்தா? கேஸ் சிலிண்டர்காரன் ஸ்பானரால தட்டிக்கிட்டுப் போறான். மாடியில புறா குமுறுது. உங்க அத்தை மொலோகியாக் கீரை கிண்டிக்கிட்டே, இந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்றது தெள்ளத் தெளிவாக் கேக்குது. பின்னாடி எங்கயோ ஒருத்தன் முனகுறான். யார்ரா இவன்னு பாத்தா நான். கம்ப்யூட்டர் தன்னோட சொந்தக் குட்டி மைக்குலதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. நாலு தெருவுக்குக் கேட்ட குரலு, நாலடி தள்ளி இருந்த கம்ப்யூட்டருக்குக் கேக்கலை.

அப்புறம் நேத்து, நீங்க சொன்ன இந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கினேன். மிக்ஸர் ஒயரு பெட்டிக்கு, பெட்டி ஒயரு கம்ப்யூட்டருக்கு. அதுவரைக்கும் சரி. நான் என்ன பண்ணேன், பதிவானது எனக்கும் கேக்கணும்ல, கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு ஒயரை எடுத்து மிக்ஸர்லயே அஞ்சாவது சேனல்ல சொருகிட்டேன். மைக்குல ஹம்தின்னேன். ஹம்தின்னு திரும்பி வந்துச்சு. மறுபடி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பெருசா வந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கம்ப்யூட்டருக்கும் கடைசியில கல்யாணம்னா என்னன்னு புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன். அஞ்சாவது தடவை அது ஹம்தியா இல்ல, ரயில் ஊதுற மாதிரி ஊதுச்சு. புறாவெல்லாம் ஒரே நேரத்துல பறந்து போச்சு. ரெண்டு இன்னும் வரலை.

நீங்க வந்து ஒரே ஒரு ஒயரைப் பிடுங்கினீங்க, அடங்கிடுச்சு. இங்க இருந்து போனது அங்க போய், அங்க இருந்து மறுபடி இங்க வந்து, வந்தது மறுபடி போயி, சுத்தச் சுத்தப் பெருசாகுதுன்னு சொன்னீங்க பாருங்க. அதை நேத்தெல்லாம் யோசிச்சேன். சரி, நேத்து எங்க, இன்னைக்குத்தானே சொன்னீங்க. ஒரு மணி நேரமா யோசிச்சேன்னு வச்சுக்கங்க.

உங்கப்பா இன்னும் அதே பேச்சுலதான் இருக்காரா?

வர மாட்டேன்னுட்டாரா. வியாழக்கிழமைக்குமா. சொந்த மகன் கல்யாணத்துக்கு.

நீங்களும் பேசலை. அஞ்சு நாளா. ஒரே வீட்டுல, ஒரே ஃபூல் பயறுப் பாத்திரத்துல ரெண்டு பேரும் ரொட்டியைத் தொட்டுத் தின்னுக்கிட்டு. எனக்காக. பொண்ணோட அப்பன் மைக்கைத் தொடக் கூடாதுன்னு உங்கப்பா சொன்னதாக் கேள்விப்பட்டதும், எங்க மாமாவை எப்படி அவமானப்படுத்தலாம்னு கேட்டுச் சண்டை போட்டீங்க. அவர் பண்ணதுக்குப் பரிகாரம் மாதிரி லீவு போட்டு வந்து ஒயர் மாட்டுறீங்க. மைக் என் கையில இருக்காது, ஆனா குரல் கம்ப்யூட்டர்ல இருந்து வரும், உங்கப்பா பேச்சும் நின்ன மாதிரி, என் சலாமும் நடந்த மாதிரின்னு நான் சொன்னப்ப, கெட்டிக்காரர் மாமான்னு சொன்னீங்க. நான் கெட்டிக்காரன்தான். அதுலதான் வினையே.

இன்னும் பேசணுமா? பச்சையிலேயே நிக்குதா இப்ப? நல்லது. இப்ப நான் பேசுறது பதிவாகலையே? சோதனை மட்டும்தானே. சிவப்புப் பட்டனை அமுத்தலையே. எங்க, காட்டுங்க. சரி.

ஷலபியோட காபிக்கடை தெரியும்ல, முனையில இருக்கே. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எட்டுப் பேரு ஷீஷாப் புகை இழுத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். ஷலபி கேட்டான், பைய்யூமி, உன் பொண்ணு கல்யாணத்துல நீயே சலாம் போடுவியா, ஊருக்கெல்லாம் போட்ட, உனக்கு யாரு போடுறதுன்னு. நான் டீயை ஒரு வாய் குடிச்சேன். இந்தத் தடவை நான் உக்காரப் போறேன்னேன். ஏன்னான். எட்டுப் பேரும் ஷீஷாவை நிறுத்திட்டுப் பாக்குறாங்க. மாப்பிள்ளை வீட்டுல அப்படி விரும்புறாங்கன்னேன். அவ்வளவுதான் மாப்பிள்ளை நான் சொன்னது. நாலே வார்த்தை. சம்பந்தி வீட்டு மேல பழியைப் போட்டா, உலகத்துல ஒருத்தனும் ஆதாரம் கேக்க மாட்டான்.

அது ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. வர்றப்பவே, சம்பந்தி தடை போட்டுட்டாருன்னு வந்துச்சு. அத்தை அதை அவ தங்கச்சிக்கு போன்ல சொன்னா. தங்கச்சி ஷுப்ராவுல உங்க பெரியம்மாகிட்ட சொன்னா. உங்க காதுக்கு வர்றப்ப எப்படி வந்துச்சு? கூத்தாடிப் பய கையில மைக்கைப் பாத்தா நான் பந்தலுக்குள்ள காலே வைக்க மாட்டேன்னு உங்கப்பா சொன்னதா வந்துச்சு. இல்லையா? நீங்க போய் உங்கப்பாகிட்ட கத்தினீங்க. அவர் நான் சொல்லவே இல்லைன்னாரு. பொய் வேற சொல்றீங்களான்னு கேட்டீங்க. அந்த ஒரு வார்த்தைதான் அவரை உக்கார வச்சுடுச்சு. முப்பத்தாறு வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸ்ல ஒத்தைக் காசு வாங்காம உக்காந்திருந்த மனுஷனைப் பெத்த மகன் பொய்யன்னு சொன்னா, அப்புறம் அவர் எங்க வருவாரு.

அதோட நிக்கலை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு நான் ஷலபி கடைக்குப் போனேன். உன் சம்பந்தி உன்னைப் பத்தி என்னவெல்லாம் பேசியிருக்கான் தெரியுமான்னு அவனே என்கிட்ட ஆரம்பிச்சான். என் பரம்பரையில இருந்து என் செருப்பு வரைக்கும் சொன்னான். கேக்கக் கேக்க எனக்கு ரத்தம் கொதிச்சுடுச்சு. என்ன திமிரு இந்த ஆளுக்குன்னு டேபிளைத் தட்டினேன். வீடு வர்ற வரைக்கும் கோவத்துலதான் வந்தேன். படி ஏறுறப்பதான் உறைச்சுது, அட, இது நானே விட்ட புரளியாச்சேன்னு.

அதான் சொன்னேன். அஞ்சாவது சேனல்ல நான் சொருகின ஒயரு.

உங்கப்பா ஒண்ணும் சொல்லலை மாப்பிள்ளை. ஒரு வார்த்தை கூட இல்ல. காதுல மாட்டினதைக் கழட்டாதீங்க, எனக்கு உங்க முகத்தைப் பாத்து இதைச் சொல்ல வராது, மைக்கைப் பாத்துச் சொல்லிடுறேன். நெஸ்மாதான் சொன்னா. இதே ரூம்ல, துண்டு மடிச்சுக்கிட்டே. பாபா, அன்னைக்கு மட்டும் நீங்க மைக் எடுக்காதீங்கன்னா. தலையைத் தூக்கலை. ஸ்கூல்ல இருந்து என்கூட வேலை பாக்குற டீச்சருங்க எல்லாம் வர்றாங்கன்னு ஆரம்பிச்சா, அதை முடிக்கலை. அப்புறம், என் பக்கத்துல உக்காருங்கன்னா. சரிம்மான்னுட்டேன். அது வெக்கமா, ஆசையான்னு எனக்கு இன்னும் தெரியலை. நானும் கேக்கலை. கேட்டு, அவ உண்மையைச் சொல்லிட்டா என்ன பண்றது. அவ வளந்த விதம் அப்படி, பொய் வராது. நீங்களும் கேக்காதீங்க. எனக்காக.

எந்திரிக்காதீங்க. உக்காருங்க மாப்பிள்ளை. ஒயரு இழுக்குது பாருங்க, மிக்ஸர் விழுந்துடும்.

கோவம் வந்தா வரட்டும். நியாயம்தான். நாலு வசவு வைங்க, கேட்டுக்கிறேன். ஆனா அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. இல்ல, பில் இல்ல. பிரிச்சுப் பாருங்க.

கையெழுத்து தெரியுதா? உங்கப்பாவோடதுதான். ரெண்டு வாரம் முன்னாடி, நீங்க ஆபீஸ்ல இருக்கிறப்ப, தனியா வந்தாரு. அஸர் தொழுதுட்டு, இஸ்திரி போட்ட சட்டையில. டீ குடிச்சாரு, வெயிலைப் பத்திப் பேசினாரு, ரெண்டாவது டீயும் குடிச்சாரு. கிளம்புறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு, சட்டைப் பையில இருந்து நாலா மடிச்ச இதை எடுத்தாரு. ஸகாஸீக்ல இருந்து எங்க சித்தப்பாமாரு நாலு பேரு வர்றாங்க, வயசானவங்க, அவங்க பேரைக் கொஞ்சம் மைக்குல சொல்ல முடியுமான்னு கேட்டாரு. உச்சரிப்பு தப்பிடக் கூடாதுன்னு எழுத்துக்கு மேலயும் கீழயும் குறியெல்லாம் வச்சு எழுதியிருக்காரு பாருங்க, பத்திரம் மாதிரி.

கடைசி வரியைப் பாத்தீங்களா. வெளிச்சத்துல காட்டுங்க. அடிச்சிருக்காருல்ல. அந்த அடிச்ச கோட்டுக்கு அடியில என்ன எழுதியிருக்கு?

ஆமா. அவர் பேருதான். எழுதிட்டு, அடிச்சிருக்காரு.

அந்த மனுஷனைத்தான் நான் தெரு பூரா என்னைக் கேவலமாப் பேசினவனா ஆக்கிட்டேன். முப்பத்தாறு வருஷம் ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் பத்திரத்துல எழுதினவரு. அவர் பேரை யாரும் ஒரு மேடையில சொன்னதில்ல போல. எனக்கு இது தெரியும் மாப்பிள்ளை. பேருக்கு ஏங்குற முகம் எனக்கு இருட்டுலயும் தெரியும், அதுதானே என் பொழப்பு. தெரிஞ்சும் அவர் மேலயே பழியைப் போட்டேன். வேற யாரும் கையில சிக்கலை.

இல்ல, நேருல போகலைன்னா நெனச்சீங்க? சனிக்கிழமை போனேன். ஷுப்ராவுக்கு. உங்க தெரு முனை வரைக்கும் போயிட்டு, கால் கிலோ பஸ்பூஸா இனிப்பு வாங்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். வழியிலயே தின்னுட்டேன். எனக்கு மைக் இல்லாம மன்னிப்புக் கேக்க வரலை மாப்பிள்ளை. மைக் இல்லாம எனக்கு எதுவுமே வந்ததில்ல. உங்க அத்தைகிட்ட சம்மதம் கேட்டதே ஒரு கல்யாண மேடையில இருந்துதான், கரண்டு போயி பாதியில நின்னு, மீதியை அவளே ஊகிச்சுக்கிட்டா. அதான் உங்களைக் கூப்பிட்டேன். இந்த இருநூத்திப் பதினாலு சலாமும் சாக்கு. அந்த லிஸ்டைத் தூக்கி அப்படி வைங்க. வியாழக்கிழமை அதை இன்னொரு நபத்ஷி, ஃபர்காலி, பாத்துக்குவான். அவன் குரல் தகரத்தை ரோட்டுல இழுத்த மாதிரி இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். நான் நெஸ்மா பக்கத்துல உக்காருறேன். சொன்னாளே.

இப்ப ஒரே ஒரு ஆளுக்குப் பதிவு பண்ணணும். அதை நீங்க உங்கப்பா போனுக்கு அனுப்பிடுங்க. நீங்க அனுப்பினாத் திறக்க மாட்டாரா? அப்ப நீங்களே கையில எடுத்துட்டுப் போய் அவர் முன்னாடி வைங்க. ரெண்டு பேரும் ஒரு அறையில நின்னுதானே ஆகணும், அது ஓடி முடியுற வரைக்கும். அதுவும் நல்லதுதான்.

அதுக்கு முன்னாடி எக்கோவை அணைங்க. ஆமா, அதேதான். டேப்பைப் பிச்சுத்தான் ஆகணும், பிய்ங்க. எனக்குக் கை வரலை, நீங்க பிய்ங்க. முழுசா இடது பக்கம். கொஞ்சம் வைக்கவான்னு கேக்காதீங்க, அந்தக் கொஞ்சத்துலதான் நான் நுழைஞ்சுக்குவேன். ஒண்ணுமே வேண்டாம்.

நாலு தடவை சொல்லி மரியாதை பண்றதெல்லாம் அவர் வந்து பந்தல்ல உக்காந்ததுக்கு அப்புறம் ஃபர்காலி பண்ணுவான். முதல் பேரே அவரோடதுதான், அடிச்சிருந்தாலும் சரி. இப்ப நான் கூப்பிடத்தான் போறேன். கூப்பிட ஒரு தடவை போதும்.

அமுத்துங்க. சிவப்பு வந்துடுச்சா?

உஸ்தாஸ் ஷாகிர் அப்துல் மவ்ஜூத். நான் பைய்யூமி பேசுறேன்.